அத்திம்பேருக்குத் திதி வந்தால் வெடிக்கும்

என் அக்கா ஷ்யாமளாவின் கணவர் பத்ரிநாராயணனுக்கு நெருப்புப் பொறிதான் பிழைப்பு. நெருப்புப் பொறி என்றால் பயமும் அவருக்குத்தான். மும்பை மாட்டுங்காவில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் காஸ் லைட்டர் 'டிக்' என்றால், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அவர் தோள் ஒருமுறை துள்ளி அடங்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த லைட்டரை அவர் கையால் தொட்டது கிடையாது. அக்கா ஊருக்குப் போனால் அவருக்கு மூன்று வேளையும் மெஸ்தான். தெருவில் யாராவது ஜன்னல் கிரில்லுக்கு வெல்டிங் பண்ணினால், டாக்ஸிக்காரன் திட்டினாலும் பரவாயில்லை என்று குறுக்கே ஓடி எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

எனக்கு அவர் அத்திம்பேர். நான் ரஞ்சனா, சுனாபட்டியில் இருக்கிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிற வேலை. கார் மரத்தில் மோதவில்லை, மரம்தான் காரில் மோதியது என்று எழுதிக் கொடுப்பவர்களையெல்லாம் தினமும் பார்க்கிறவள். அப்படிப்பட்ட எனக்கே அத்திம்பேர் சொல்லும் சாக்குகள் மேல் தனி மரியாதை உண்டு.

அவர்களுடைய தலை தீபாவளி செம்பூரில் எங்கள் அப்பா வீட்டில் நடந்தது. மாப்பிள்ளைக்காக அப்பா நீளமாக ஒரு சரவெடி வாங்கி வைத்திருந்தார். ஊதுபத்தியைக் கையில் கொடுத்தோம். அவர் ஒட்டடைக்கம்பு கேட்டார். கம்பின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தேடித் தேடிக் கடைசியில் பற்றவைத்தது கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் வேஷ்டியை. வேஷ்டி போனதில் அப்பாவுக்கு வருத்தமில்லை. மாப்பிள்ளை அதற்குள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒளிந்துகொண்டதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. அக்காவுக்கும்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள், அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்பார்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் நேராகச் சொல்ல அவருக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்று, பெண் பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டார். "பிடிக்கலைன்னு சொல்றதுக்கில்லை" என்றார் இவர். இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. சம்மதம் என்று ஒரு கட்சி, மரியாதையாக நழுவுகிறான் என்று ஒரு கட்சி. கடைசியில் அவர் வீட்டார் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அர்த்தம் தெரிந்தது. அந்த வாக்கியத்துக்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து இன்றுவரை வாங்க முடியவில்லை என்று அக்காவுக்கு ஒரு குறை.

அவர் ஆபீஸ் வேலையைச் சொல்கிறேன். பெரிய மின் நிலையங்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சர்க்யூட் பிரேக்கர்களை அவர் கம்பெனி செய்கிறது. எங்காவது கோளாறு என்றால் பிரேக்கர் உள்ளே இருக்கும் இரண்டு உலோக முனைகளைப் பிரித்து மின்சாரத்தை வெட்ட வேண்டும். முனைகள் பிரிந்தாலும் மின்சாரம் லேசில் விடாது. நடுவில் இருக்கும் வாயுவைப் பழுக்கக் காய்ச்சி அதன் வழியாகவே தாண்டிப் பாயும். அதற்குத்தான் ஆர்க் என்று பெயர். வாயு சூடாக இருப்பதால் மின்சாரம் போகிறது, மின்சாரம் போவதால் வாயு சூடாக இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று சாக்கு. எனக்கு உடனே புரிந்த ஒரே சயின்ஸ் இதுதான்.

நல்ல வேளையாக அந்த மின்சாரம் ஒரே சீராகப் பாய்வதில்லை. ஏறும், இறங்கும், ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தப் பூஜ்யத்தில்தான் சமயம். உள்ளே வருகிற சூட்டைவிட அதிகச் சூட்டை அப்போது ஊதித் தள்ளிவிட்டால் ஆர்க் அணைந்துவிடும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும், பிரேக்கரே வெடிக்கும். அணையுமா, பிடிக்குமா என்று முன்கூட்டியே சொல்வதுதான் அத்திம்பேரின் மாடல். வாயு எவ்வளவு சீக்கிரம் தன் சூட்டை மறக்கும், எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்ற இரண்டு எண்கள் கிடைத்தால் போதும், மிச்சத்தை அவருடைய சமன்பாடுகள் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பொறி பறக்காது என்பதால் அங்கே அவரைப்போல ஒரு வீரர் கிடையாது.

வீட்டிலும் இதே மாடல்தான். அக்காவுக்குக் கோபம் வந்தால் உச்சத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்துக்காகக் காத்திருந்து, காப்பி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். லைட்டரைத் தொட வேண்டும் என்பதால் போட்டுத் தர முடியாது. உடுப்பி ஹோட்டலிலிருந்து காப்பி வந்து சேர்வதற்குள் அக்கா ஆறியிருக்க வேண்டும் என்பது கணக்கு. பாதி நாள் ஆறியிருக்க மாட்டாள். வாயுவுக்கு வாயு எண்கள் மாறும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அவர் கம்பெனியில் ஒரு வழக்கம். புது பிரேக்கரை டெஸ்ட் பண்ணும்போது, கணக்கில் கையெழுத்துப் போட்டவர்தான் வந்து பொத்தானை அமுக்க வேண்டும். சில டெஸ்டுகளுக்கு அத்திம்பேர் போவார். சிலவற்றுக்கு அன்று பார்த்து அவருக்குத் திதி வந்துவிடும், வேறு யாராவது அமுக்குவார்கள்.

திதியைப்போல வசதியான ஏற்பாடு வேறு கிடையாது. பிறந்தநாள் மாதிரி ஒரே தேதியில் வந்து மாட்டிக்கொள்ளாது. சந்திரனோடு சேர்ந்து வருஷத்துக்கு வருஷம் நகரும். வெளி ஆட்கள் யாரும் அதைச் சரிபார்க்க முடியாது. அவருடைய பழைய மேலதிகாரி ஒரு பார்ஸி, இறந்தவர்கள் விஷயத்தில் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவர். பத்ரி, உன் குடும்பத்தில்தான் எத்தனை துக்கம் என்று தோளைத் தட்டிக்கொடுத்து லீவு தருவார். அப்பா, அம்மா, தாத்தா எல்லாரும் முடிந்து, பிள்ளையில்லாத சித்தப்பா, அந்தச் சித்தப்பாவின் மாமனார் என்று அத்திம்பேர் போய்க்கொண்டே இருந்தார். ஒரு தடவை அவசரத்தில், உல்லாஸ்நகரில் உயிரோடு சௌக்கியமாக இருக்கும் பெரியப்பாவுக்கே திதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மனசு கேட்காமல், பிராயச்சித்தமாக மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் அவரை நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்தார். பெரியப்பா சர்க்கரை வியாதிக்காரர். அந்த மைசூர்பாகு முழுவதையும் அவர் சாப்பிட்டிருந்தால் லீவு விண்ணப்பம் நிஜமாகியிருக்கும். பெரியம்மா பிடுங்கி வைத்ததால் பிழைத்தார்.

பார்ஸி ரிட்டையர் ஆகி, சென்னையிலிருந்து திருவேங்கடம் என்று ஒருவர் மேலதிகாரியாக வந்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், மொபைலில் பஞ்சாங்கம். அத்திம்பேர் வைகாசி மாசத்தில் அப்பா திதி என்று விண்ணப்பம் நீட்டினார். திருவேங்கடம் மொபைலைப் பார்த்தார், பழைய லீவுப் பதிவைப் பார்த்தார், அத்திம்பேரைப் பார்த்தார். தை மாசம் சுக்ல பஞ்சமியில் ஒரு தடவை அப்பா திதிக்கு லீவு எடுத்தாயிற்றே என்று கேட்டார்.

"ஒருத்தர் ஒரு தடவைதான் போக முடியும், பத்ரி" என்றார்.

வேலை போயிற்று என்றுதான் அத்திம்பேர் நினைத்தார். ஆனால் திருவேங்கடம் விஷயத்தை விசாரிக்க டெஸ்ட் கூடத்தில் இருக்கும் ஜெயினுலாப்தீனைக் கூப்பிட்டார். அவர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். டெஸ்ட் கூடத்து மிஷின்களையெல்லாம் பார்த்துக்கொள்பவர். இந்தப் பத்ரி ஏன் லீவு போடுகிறார் என்று கேட்டதற்கு, அவர் தன் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"அது ஏன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா அவுக வந்த அன்னைக்கு ஒண்ணும் ஆவாது. அவுக லீவு போட்ட அன்னைக்கெல்லாம் வெடிச்சிருக்குல்லா."

திருவேங்கடம் பழைய டெஸ்டுகளை எண்ணிப் பார்த்தார். உண்மைதான். பத்ரி வந்தால் பிரேக்கர் பிழைக்கிறது, பத்ரிக்குத் திதி வந்தால் பிரேக்கருக்கும் திதி. படித்த மனுஷர் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? பத்ரியின் கை ராசியான கை, அவர் வந்து நின்றால் வெடிக்காது என்ற முடிவுக்கு வந்தார். பஞ்சாங்கம் வைத்திருப்பவரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும். திதி விஷயத்தை மன்னித்துவிட்டு, இனி எந்த டெஸ்டும் பத்ரி இல்லாமல் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புது பிரேக்கர் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய பிரேக்கர்களில் அடைக்கும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று உலகம் முழுக்க அதைக் கைவிடச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு புது வாயுக் கலவை. அதற்கு அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க அத்திம்பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். மற்றவர்கள் மொபைலில் சாமி படமும் குடும்பப் படமும் வைத்திருப்பார்கள். அவர் மொபைலைத் திறந்தால் ஒரு வளைகோடு சரிந்து பூஜ்யத்துக்கு வரும். அதைப் பார்த்து அவர் சிரிக்கும் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாவமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

டெஸ்டுக்கு நாள் பார்த்தது திருவேங்கடம். மகாளய பட்சம் முடியும்வரை பொறுத்துக்கொண்டார். எல்லாப் பித்ருக்களுக்கும் ஒட்டுமொத்தமாகத் தர்ப்பணம் கொடுத்தாகிவிட்டது, இனி யாரும் பாக்கியில்லை என்று அத்திம்பேரிடமே சொன்னார். விஜயதசமி அன்று தொழிற்சாலையில் பூஜை, குடும்பத்தோடு எல்லாரும் வரலாம், பிரேக்கரை வாங்கப்போகிற பெரிய ஆட்களும் வருகிறார்கள், அவர்கள் முன்னால் பத்ரி பொத்தானை அமுக்க வேண்டும். அணைந்துவிட்டால் இனி எல்லா டிசைனும் அவர் மாடலை வைத்துத்தான். வெடித்துவிட்டால் மாடலையும் மூட்டை கட்டி, அந்தப் பிரிவையும் மூடி, அத்திம்பேரைக் கோபர்கைரனேயில் இருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவர் பெட்டிகளை எண்ண வேண்டும்.

அன்றிலிருந்து அத்திம்பேர் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் போனபோது அவர் பால்கனியில் உட்கார்ந்து மொபைலில் வளைகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அன்று அவரைத் திட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டார், எழுந்தார், உட்கார்ந்தார், ஒருவழியாக ஓய்ந்தார். அந்தப் பூஜ்யத்தில் அவள் மெதுவாக, என்ன விஷயம் என்று கேட்டாள். அவருடைய மாடலை அவர் மேலேயே பிரயோகிக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். செலவைக் குறைக்க, வாயுவை ஊதும் பாகத்தைச் சிறியதாக வெட்டிவிட்டார்கள். அவர் கணக்குப்படி அந்த ஊதல் போதாது, பூஜ்யத்தில் ஆர்க் அணையாது, மறுபடி பிடிக்கும், வெடிக்கும். அவர் திதி போட்ட ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். வெடிக்காது என்று கணக்கு சொன்னால் போய் நிம்மதியாகப் பொத்தானை அமுக்குவார். வெடிக்கும் என்று சொன்னால் திதி. ஜெயினுலாப்தீன் பார்த்தது முழுக்கச் சரி. திருவேங்கடம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வெடிக்கும் என்று முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்டேன். சொல்லியிருக்கிறேனே என்றார், ரோஷத்தோடு. ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாகச் சமன்பாடு. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி: ஆர்க் அணையாதிருக்கும் வாய்ப்பை முற்றிலும் புறக்கணிப்பதற்கில்லை. எங்கள் அக்காவைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன அதே ஆள், அதே வாக்கியம்.

அவர் நிலைமையைப் பாருங்கள். பிரேக்கர் வெடித்தால் மாடல் தோற்றது என்று மூடிவிடுவார்கள். வெடிக்காவிட்டால் அவருக்கே தெரியும், மாடல் தப்பு, இத்தனை வருஷம் வீண். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து, அணையாது என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் உண்டு. அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வராது.

ஒத்திகை பார்த்தோம். நான் திருவேங்கடமாக நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்திம்பேர் எதிரில் நின்று, "அணைவதில் சிறு சிரமம் இருக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன், மறுபடி என்றேன். "அணையும் என்று அடித்துச் சொல்ல என்னால் ஆகாது" என்றார். மறுபடி என்றேன். "பொதுவாகப் பார்த்தால்" என்று ஆரம்பித்தார். அக்கா உள்ளேயிருந்து காஸ் லைட்டரை எடுத்துக்கொண்டு வந்து அவர் காதுக்குப் பக்கத்தில் 'டிக்' என்று அமுக்கினாள். அவர் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்தும் சொல்லவில்லை.

விஜயதசமி அன்று தொழிற்சாலை முழுக்கச் சாமந்தித் தோரணம். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். டெஸ்ட் கூடம் பழைய தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே கனமான கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரேக்கர் மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. இந்தப் பக்கம் ஒரு மேஜை, அதன் மேல் சிவப்புப் பொத்தான், பின்னால் விருந்தாளிகளுக்கு நாற்காலிகள். மேலே கூரை விட்டங்களில் புறாக்கள். மும்பையில் புறா இல்லாத கூரை ஏது. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அக்கா புது மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் திருவேங்கடத்தின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

முதலில் குறைந்த மின்சாரத்தில் ஒரு டெஸ்ட். அத்திம்பேர் போனார், லிஃப்ட் பொத்தானை அமுக்குவது போல அமுக்கினார், திரும்பினார். லேசாக ஒரு 'தட்'. அணைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா என்னை இடித்தாள். காஸ் லைட்டருக்குத் துள்ளுகிறவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. கொஞ்சம் கூடுதல் மின்சாரத்தில் இரண்டாவது. அதையும் அப்படியே அமுக்கிவிட்டு, ஒரு கையில் வடையோடு கம்ப்யூட்டர் திரையில் விழுந்த கோட்டைப் பார்த்தார். ஜெயினுலாப்தீன் எங்களைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்பது போலச் சிரித்தார். திருவேங்கடம் விருந்தாளிகளிடம் ராசி, கணிதம் என்று இரண்டையும் கலந்து ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, முழு மின்சாரம். அத்திம்பேர் வடையை வைத்துவிட்டுத் தன் பையைத் திறந்தார். முதலில் பஞ்சு வந்தது, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். அடுத்தது குரங்குக் குல்லாய். மும்பையில் அதற்கு வேலையே கிடையாது, அக்கா காசி போனபோது வாங்கியது. அதையும் மாட்டிக்கொண்டார். கடைசியாகக் குடை. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தலை தீபாவளி மறுபடி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அவர் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். வாய் திறந்தது. "ஆர்க் அணையாதிருக்கும் வாய்ப்பை முற்றிலும்" என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. மேலே புறாக்கள் முனகின. நான் எழுந்து கத்தலாமா என்று பார்த்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குக் கறிவேப்பிலை உருவியபோது காத்திருந்த மாதிரியே. அவர் அவளைப் பார்த்தார். மெதுவாக ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

"இது அணையாது" என்றார் அத்திம்பேர். "வெடிக்கும். எல்லாரும் மேஜைக்கு அடியில வாங்கோ."

காதில் பஞ்சு இருந்ததால் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. கொட்டகை அதிர்ந்தது. திருவேங்கடம் முகம் சிவந்து, பின் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார். பஞ்சு காரணமாக அதை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. கடைசி வரியைப் படியுங்கள் என்றார் அத்திம்பேர். விருந்தாளிகளில் ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். சரி, அமுக்குங்கள் பார்க்கலாம் என்றார் திருவேங்கடம்.

அத்திம்பேர் குனிந்து மேஜைக்கு அடியில் போனார். யாரும் அசையவில்லை. அசைந்தது ஜெயினுலாப்தீன் ஒருவர்தான். அவர் ஒரு நொடி அத்திம்பேரைப் பார்த்தார், இத்தனை வருஷத்துத் திதிகளும் அவர் மனசில் நேராகத் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும், விழுந்தடித்து மேஜைக்கு அடியில் பாய்ந்தார். அடியிலிருந்து குடையின் நுனி மேலே வந்தது. தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்தது. அமுக்கியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிரேக்கரின் பாதுகாப்புத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. கண்ணாடித் தடுப்பு நல்ல தடுப்பு, கீறல்கூட விழவில்லை. ஆனால் கூரை ஒரு குலுங்கு குலுங்கியது. கொட்டகை கட்டிய நாளிலிருந்து விட்டங்களில் புறாக்கள் சேர்த்து வைத்திருந்த மொத்தச் சொத்தும் ஒரே தவணையில் கீழே இறங்கியது. விருந்தாளிகள் மேல், திருவேங்கடத்தின் ஸ்ரீசூர்ணத்தின் மேல், அக்காவின் மாம்பழக் கலர் பட்டின் மேல், வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த என் மேல். புகை அடங்கியதும் மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். கொட்டகையில் சுத்தமாக இருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

பிறகு நடந்ததை நான் முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். அத்திம்பேர் குல்லாயைக்கூடக் கழற்றாமல் திரைக்கு ஓடினார். டெஸ்டில் பதிவான கோடும் அவர் மொபைலில் இருந்த வளைகோடும் பக்கத்தில் பக்கத்தில். பூஜ்யத்துக்கு வந்து, அணைவது போலப் போக்குக் காட்டி, அவர் சொன்ன அதே இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புறா தூசி என்று எல்லாரிடமும் சொன்னேன்.

திருவேங்கடம் தோளில் வெள்ளையாக வழிய வழிய நின்றபடியே ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்தார். ஊதும் பாகம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அத்திம்பேர் பளிச்சென்று பதில் சொன்னார். வாங்க வந்தவர்கள், வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வெடிக்கிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சொல்லி, மாற்றின பிறகு மறுபடி வருவதாகக் கிளம்பினார்கள். கோபர்கைரனே பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் புறப்படும்போது திருவேங்கடம் கார் வரைக்கும் வந்தார்.

"பத்ரி, இனிமே உங்களுக்குத் திதி வந்தா எனக்கு முன்னாடியே சொல்லிடுங்கோ" என்றார்.

ஒரு தடவை வாய் திறந்துவிட்டதால் அத்திம்பேருக்கு அது பழகிப்போயிற்று. வீட்டில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றார். பட்டுப்புடவையை டிரை கிளீனிங் கொடுத்து வாங்கியதில், கறை போகவில்லை, மணமும் போகவில்லை என்றார். ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கில் எழுந்து, லிஃப்ட் சரியில்லை, செகரட்டரியும் சரியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பழைய பாஷையே தேவலை என்று அக்கா எனக்கு போன் பண்ணிப் புலம்பினாள். இவ்வளவு சொல்கிறவர், பெண் பார்க்க வந்த அன்று கேட்டும் சொல்லாத அந்த ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

தீபாவளிக்கு நான் மாட்டுங்காவுக்குப் போயிருந்தேன். விடிவதற்குள் எண்ணெய் ஸ்நானம் முடிந்து, கட்டடத்தில் எல்லாரும் கீழே முற்றத்தில் கூடினோம். யாரோ ஒரு பெரிய புஸ்வாணத்தை நடுவில் வைத்தார்கள். அத்திம்பேர் அதைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். அவர் சொன்னபடியே பிரேக்கர் வெடித்த கதை கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. உடனே மூன்றாம் மாடிக்காரர் பின்னால் போனார். செகரட்டரி தன் பேரனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அத்திம்பேர் வாட்ச்மேன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போனால், கட்டடமே அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றது. பற்றவைக்க ஆள் இல்லை. நான்தான் போய் வைத்தேன், வைத்துவிட்டு நானும் ஓடி வந்து அந்த அறையில் முட்டி மோதி நுழைந்தேன்.

புஸ்வாணம் அழகாகப் பூத்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. எல்லாரும் அத்திம்பேரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வேர்த்துப்போய் நின்றார்.

"இதுக்கு நான் கணக்கெல்லாம் போடலை" என்றார். "சும்மா பயம்தான். எனக்கு எப்பவும் பயம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா, நெருக்கியடித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி அவர் பக்கத்துக்கு வந்தாள்.

"கணக்கு எது, பயம் எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, எனக்கும் இடம் வேணும்" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். யாரோ வெளியே போய் அடுத்த புஸ்வாணத்தை வைத்தார்கள்.